பழைய லொறியில் கிளச் சத்தம்: காதால் கண்டுபிடிப்பது எப்படி?

மீண்டும் ஊருக்கு வந்த குடும்பங்களுக்கு லொறி ஒரு வாகனம் மட்டுமல்ல. ஸ்கந்தபுரம், அக்கராயன், கோணாவில், ஜெயபுரம் போன்ற இடங்களில் மணல், கல், சீமெந்து, கூரைத்தகடு, விதைநெல், பசளை எல்லாம் யாரோ ஒருவருடைய பழைய லொறியில்தான் வந்து இறங்குகின்றன. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு வழங்கப்பட்ட 550,000 ரூபாய் கட்டங்கட்டமாகத்தான் கைக்கு வந்தது. அத்திவாரம் முடிந்தால்தான் அடுத்த கட்டப் பணம். நடுவில் லொறி நின்றால் கல் வராது. கல் வராவிட்டால் மேசன் வேறு வேலைக்குப் போய்விடுவார். லொறிக்காரருக்கும் நட்டம், வீட்டுக்காரருக்கும் நட்டம்.

இப்போது எங்கள் பகுதிகளில் ஓடும் லொறிகள் பல வருடங்கள் கண்டவை. 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது ஸ்கந்தபுரத்துக்குச் சனத்தை ஏற்றி வந்தவை போன்ற பழைய வண்டிகள் இன்னும் உழைக்கின்றன. 2008 இல் ஸ்கந்தபுரமே இடம்பெயர்ந்தபோது தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று வீட்டுச் சாமானோடு போனவையும் உண்டு. வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் நின்று, பிறகு திரும்பவும் ஓட்டத்துக்கு வந்தவையும் உண்டு. இப்படிப்பட்ட லொறிகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு: "கிளச்சில் ஏதோ சத்தம் வருது."

கிளச்சைத் திறந்து பார்க்கக் கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டும். அதற்கு ஒரு நாள் கூலியும் இரண்டு மூன்று ஆட்களும் தேவை. ஆனால் எல்லாச் சத்தத்துக்கும் கழற்றத் தேவையில்லை. சில சத்தங்கள் ஒரு ஸ்பிறிங்கோடும் ஒரு துளி கிறீஸோடும் முடிந்துவிடும். வேறு சில, அன்றைக்கே லொறியை நிறுத்தச் சொல்லும். இரண்டையும் பிரித்தறிவதுதான் இந்தப் பாடம்.

1. கிளச் என்ன செய்கிறது?

எஞ்சினின் பின்பக்கத்தில் பிளைவீல் எனும் கனமான சில்லு சுற்றுகிறது. அதன்மேல் கிளச் தட்டு இருக்கிறது. தட்டுக்குப் பின்னால் ஸ்பிறிங் பலத்தோடு அழுத்திப் பிடிக்கும் பிறஷர் பிளேட். இம்மூன்றும் ஒட்டி நிற்கும்போது எஞ்சினின் சுழற்சி கிளச் தட்டு வழியாகக் கியர்பொக்ஸின் முன்தண்டுக்குப் போகிறது.

நீங்கள் பெடலை மிதிக்கும்போது கவை போன்ற ஒரு நெம்பு, றிலீஸ் பெயாரிங்கை முன்னே தள்ளுகிறது. அந்தப் பெயாரிங் பிறஷர் பிளேட்டின் விரல்களை அழுத்துகிறது. பிடி விடுபட்டுத் தட்டு தனியாகிறது, முன்தண்டு நிற்கிறது.

இன்னொரு சிறு பெயாரிங்கும் உண்டு. முன்தண்டின் நுனியைப் பிளைவீலின் நடுவில் தாங்குவது அது. கராஜில் இதை ஸ்பிகட் பெயாரிங் அல்லது பைலட் பெயாரிங் என்பார்கள்.

இங்கே ஒரு விடயத்தை மனதில் பதியுங்கள். எந்தப் பாகம் எப்போது சுற்றுகிறது என்பதே சத்தத்தின் விலாசம்.

• பெடல் மேலே இருக்கும்போது: முன்தண்டும் கியர்பொக்ஸின் உள்ளேயுள்ள பற்சில்லுகளும் சுற்றும். றிலீஸ் பெயாரிங் சும்மா இருக்கும்.
• பெடலை மெதுவாகத் தொட்டதும்: றிலீஸ் பெயாரிங் சுற்றத் தொடங்கும்.
• பெடலை முழுதாக மிதித்ததும்: முன்தண்டு நிற்கும், பிளைவீல் சுற்றும். அப்போதுதான் ஸ்பிகட் பெயாரிங்குக்கு வேலை.

இந்த மூன்று வரியும் விளங்கினால் மீதிப் பாடம் சுலபம்.

2. தொடங்க முன்னர்

• லொறியைச் சமதரையில் நிறுத்துங்கள். சரக்கை இறக்கிவிடுங்கள்.
• கைப்பிறேக்கைப் போட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் அல்லது மரக்குற்றி வையுங்கள். பழைய லொறியின் கைப்பிறேக்கை மட்டும் நம்பாதீர்கள்.
• லொறிக்கு முன்னாலும் பின்னாலும் ஒருவரும் நிற்கக்கூடாது. பிள்ளைகளைத் தூரத்தில் வையுங்கள்.
• எஞ்சின் ஓடும்போது ஒருவரும் லொறிக்குக் கீழே போகக்கூடாது. ஜாக்கியில் மட்டும் நிற்கும் லொறிக்குக் கீழே எப்போதும் போகக்கூடாது.
• ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் பக்கத்தில் நின்று கேட்பது நல்லது. சாரதி இருக்கையில் இருப்பவருக்கு எல்லாச் சத்தமும் ஒரே இடத்திலிருந்து வருவதுபோலத் தோன்றும்.
• எஞ்சின் சூடான பின்னர் சோதியுங்கள். குளிர்ந்த எஞ்சினில் வரும் சில சத்தங்கள் தாமாகவே மறைந்துவிடும்.

3. ஐந்து சோதனைகள்

முதலாம் சோதனை: எஞ்சினை நிறுத்தியபடி

பெடலைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். முதலில் கொஞ்சத் தூரம் பாரமில்லாமல் இறங்க வேண்டும். பிறகுதான் பலம் தெரியும். பாரமில்லாமல் இறங்கும் அந்தத் தூரத்தை "பிறீ பிளே" என்பார்கள். கம்பியாலோ தண்டாலோ இயங்கும் பழைய கிளச்களில் இது பெரும்பாலும் ஓர் அங்குலம் அளவில் இருக்கும். உங்கள் லொறியின் கைநூல் இருந்தால் அதில் சொன்ன அளவையே பின்பற்றுங்கள்.

பிறீ பிளே இல்லாவிட்டால் றிலீஸ் பெயாரிங் ஓய்வில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கிளச்சும் வழுக்கத் தொடங்கும். ஆகவே மற்றச் சோதனைகளுக்குப் போக முன்னர் இதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் கீழே சொல்லும் அடையாளங்கள் குழம்பிவிடும்.

எஞ்சின் ஓடாதபோதே பெடலை மிதிக்கும்போது கிறீச்சிடுகிறதா? அப்படியென்றால் சுற்றும் பாகம் எதிலும் பிழையில்லை. பெடலின் புஷ், இணைப்புத் தண்டின் மூட்டு, கவை ஊன்றியிருக்கும் இடம் ஆகியவற்றில் கிறீஸ் வற்றியிருக்கலாம். பெரும்பாலும் கியர்பொக்ஸைக் கழற்றாமலே தீரும் குறை இது.

இரண்டாம் சோதனை: எஞ்சின் ஓட, கியர் நியூட்ரலில், காலை எடுத்து

சத்தம் வருகிறதா? வந்தால் பெடலில் காலை மெதுவாக வைத்துப் பாருங்கள்.

கால் பட்டவுடனே கடகடப்பு நின்றால், கவையோ றிலீஸ் பெயாரிங்கோ தளர்ந்து ஆடுகிறது. திரும்பிழுக்கும் ஸ்பிறிங் கழன்றோ அறுந்தோ இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

கால் பட்டும் நிற்காமல், பெடலை முழுதாக மிதித்த பிறகே உறுமல் நின்றால் சத்தம் கியர்பொக்ஸிலிருந்து வருகிறது. முன்தண்டைத் தாங்கும் பெயாரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது கியர் எண்ணெய் குறைந்திருக்கலாம். கிளச்சைக் குறைசொல்லிக் கழற்றினால் காசு வீண்.

மூன்றாம் சோதனை: பிறீ பிளே முடியும்வரை மட்டும் மிதித்து

சத்தமில்லாமல் ஓடிய லொறி, பெடலில் கொஞ்சம் பலம் கொடுத்தவுடன் "கீ..." என்றோ "சர்ர்..." என்றோ தொடங்குகிறதா? மிதிக்க மிதிக்கக் கூடுகிறதா? காலை எடுத்தவுடன் நின்றுவிடுகிறதா? இது றிலீஸ் பெயாரிங். பழைய லொறிகளில் அடிக்கடி காணும் குறை இதுதான்.

நான்காம் சோதனை: முழுதாக மிதித்து

தொட்டபோது ஒன்றுமில்லை, முழுதாக மிதித்து ஒன்றிரண்டு விநாடி சென்ற பிறகே சத்தம் வருகிறது என்றால் ஸ்பிகட் பெயாரிங்கைச் சந்தேகியுங்கள். உறுதிப்படுத்த, மிதித்தபடியே முதலாம் கியரைப் போடுங்கள். முன்தண்டு அசையாமல் பிடிபடும். சத்தம் அப்போதும் தெளிவாகத் தொடர்ந்தால் சந்தேகம் பெரும்பாலும் சரி. கிளச் சரியாக விடாத லொறி இந்தச் சோதனையில் முன்னே பாயக்கூடும். சில்லுக்குக் கல் வைத்திருப்பதை மீண்டும் பாருங்கள்.

ஐந்தாம் சோதனை: மெதுவாக ஓட்டி

திறந்த இடத்தில், சரக்கில்லாமல், முதலாம் கியரில் மெதுவாகப் புறப்படுங்கள். கிளச் பிடிக்கும் அந்தக் கணத்தை மட்டும் கவனியுங்கள்.

• லொறி முழுவதும் உதறினால்: தட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், பிளைவீல் சூட்டால் கோணியிருக்கலாம், எஞ்சினைத் தாங்கும் இறப்பர்கள் உடைந்திருக்கலாம். இறப்பரை முதலில் பாருங்கள். அதற்குக் கழற்றத் தேவையில்லை.
• இரும்பு இரும்போடு உரசுவதுபோலக் கேட்டால்: தட்டின் லைனிங் தேய்ந்து றிவெற் தலைகள் பிளைவீலில் படுகின்றன. உடனே நிறுத்துங்கள்.
• கலகலவென்று உடைந்த துண்டுகள் ஆடுவதுபோலக் கேட்டால்: தட்டின் நடுவிலுள்ள சிறு ஸ்பிறிங்குகள் உடைந்திருக்கலாம். துண்டு இடையில் சிக்கினால் கிளச் விடாமலே போகலாம். இதுவும் ஓட்டக்கூடாத நிலை.

4. எவ்வளவு அவசரம்?

இன்றே நிறுத்த வேண்டியவை: றிவெற் உரசும் சத்தம், உடைந்த துண்டுகளின் சத்தம், எரிந்த மணத்தோடு கிளச் வழுக்குவது. ஒரு நடை கூட ஓடினால் தட்டோடு போகவேண்டிய செலவு பிளைவீலுக்கும் போகும். பிளைவீலைக் கடைய வேண்டி வரும், அல்லது வேறு தேட வேண்டி வரும்.

விரைவில் செய்ய வேண்டியவை: றிலீஸ் பெயாரிங், ஸ்பிகட் பெயாரிங். சத்தம் தொடங்கியவுடன் லொறி நின்றுவிடாது. அதனால்தான் பலர் பிற்போடுகிறார்கள். றிலீஸ் பெயாரிங் இறுகிவிட்டால் பிறஷர் பிளேட்டின் விரல்களை அரித்துவிடும். அது உடைந்துபோனால் கிளச் விடாது. ஓடும் லொறியின் கியரை மாற்ற முடியாமல் போகும். பாரத்தோடு குளக்கட்டில் ஏறும்போது இது நடந்தால் ஆளுக்கே ஆபத்து. மழைக்கு முன்னர் செய்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சேறான ஒழுங்கையில் நின்ற லொறியை இழுப்பதற்கு இன்னொரு உழவு இயந்திரம் தேட வேண்டி வரும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை: பெடல் புஷ், திரும்பிழுக்கும் ஸ்பிறிங், பிறீ பிளே, கியர் எண்ணெய் அளவு, எஞ்சின் தாங்கும் இறப்பர். கியர் எண்ணெயைப் பார்க்க, எஞ்சினை நிறுத்திச் சில்லுக்குக் கல் வைத்து, கியர்பொக்ஸின் பக்கத்திலுள்ள நிரப்பும் முளையைத் திறவுங்கள். எண்ணெய் அந்தத் துவாரத்தின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும்.

5. கிளச் அல்லாத "கிளச் சத்தம்"

• புறப்படும்போதும் பின்னோக்கி எடுக்கும்போதும் "டொக்" என்று ஒரு அடி கேட்டால், பின்சில்லுக்குப் போகும் நீண்ட தண்டின் சிலுவை மூட்டைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தித் தண்டைக் கையால் திருகிப் பார்த்தால் மூட்டில் ஆட்டம் தெரியும்.
• கிளச் வீட்டின் கீழ்மூடித் தகடு தளர்ந்தால் கடகடவென்று ஆடும். ஓர் ஆணியை இறுக்கினால் போதும்.
• முன்பக்கம் கேட்கும் கிறீச்சொலி பான் பெல்ற்றிலிருந்து வரலாம். பெடலை மிதித்தாலும் விட்டாலும் அது மாறாது.

பெடலின் அசைவோடு மாறாத சத்தம் பெரும்பாலும் கிளச் சத்தமல்ல. இதை ஒரு விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிறீ பிளே சரியாக இருந்தால்தான் இவ்விதி பொருந்தும்.

6. நீண்டகாலம் நின்ற லொறி

மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற லொறியில் தட்டு துருப்பிடித்துப் பிளைவீலோடு ஒட்டியிருக்கலாம். பெடல் வழமைபோல இறங்கும், ஆனால் கியர் விழாது. கியரில் போட்டு ஸ்ராட் செய்தால் லொறி பாயும். இப்படியான லொறியை வளவுக்குள் வைத்து நீங்களாக முயல வேண்டாம். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கொண்டு செய்யுங்கள்.

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளச் என்றால் சிலிண்டரின் இறப்பர்கள் காய்ந்து கசியும். இசுசு எல்ஃப் போன்ற யப்பானிய லொறிகளில் இந்த முறையைக் காணலாம். பெடல் மெத்தென்று இறங்கினால், கியர் மாற்றும்போது "கர்ர்" என்று பல் உரசினால், எண்ணெய் குறைந்தோ காற்றுப் புகுந்தோ இருக்கலாம். இதற்குப் பிறேக் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். எஞ்சின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், சவர்க்காரத் தண்ணீர் எதுவும் கூடாது. அவை இறப்பரை ஊதச் செய்து அல்லது சிலிண்டரைத் துருப்பிடிக்கச் செய்து செலவை இரட்டிப்பாக்கும்.

7. தடைக்காலப் பழக்கங்களில் எதை விடுவது?

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னி மெக்கானிக்மார் இல்லாததைக் கொண்டே வாகனங்களை ஓடவைத்தார்கள். சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய காரும் மோட்டார் சைக்கிளும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் கைவண்ணம் இன்றும் சொத்துத்தான். ஆனால் கிளச் விடயத்தில் மூன்று பழக்கங்களை விட்டுவிடுவது நல்லது.

முதலாவது, றிலீஸ் பெயாரிங்கை மண்ணெண்ணெயில் அல்லது டீசலில் கழுவுவது. மூடிய பெயாரிங்கின் உள்ளே வாழ்நாளுக்கென அடைத்த கிறீஸ் இருக்கிறது. கழுவினால் அது கரைந்து போய்விடும். வெளியே பளபளக்கும், சில நாளில் திரும்பவும் கத்தும். துணியால் துடைத்தால் போதும்.

இரண்டாவது, எண்ணெய் குடித்த தட்டைப் பெற்றோலில் கழுவித் திரும்பப் போடுவது. லைனிங் எண்ணெயை உள்ளே உறிஞ்சி வைத்திருக்கும். சூடானதும் அது மேலே வந்து திரும்பவும் வழுக்கும். லைனிங்கை மாற்றுங்கள். அதோடு எண்ணெய் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். எஞ்சினின் பின் எண்ணெய்ச் சீல், கியர்பொக்ஸின் முன் சீல் இரண்டில் ஒன்று கசிந்திருக்கும்.

மூன்றாவது, கிளச் வீட்டிலுள்ள தூசியை வாயால் அல்லது காற்றால் ஊதுவது. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருடங்களுக்குப் பின் கடும் நோய் தரும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அகற்றுங்கள். வேலை உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் தோய்க்க வேண்டாம்.

8. கராஜுக்குப் போகும்போது

"கிளச் சத்தம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நியூட்ரலில் சத்தமில்லை, பெடலைத் தொட்டவுடன் வருகிறது" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் அந்த ஒரு வசனத்திலேயே பாதி வேலையை முடித்துவிடுவார்.

கியர்பொக்ஸ் இறங்கியபின், பணம் குறைவென்றாலும் இரண்டு பெயாரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். பெயாரிங்கின் விலையைவிடத் திரும்பவும் இறக்கி ஏற்றும் கூலி கூட. தட்டு, பிறஷர் பிளேட்டின் விரல்கள், பிளைவீலின் முகம் மூன்றையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். றிவெற் தலை லைனிங்கின் மேற்பரப்புக்குக் கிட்ட வந்திருந்தால் அந்தத் தட்டைத் திரும்பப் போட விடாதீர்கள்.

பாகம் வாங்கக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகும்போது பழைய தட்டையும் பெயாரிங்கையும் கையோடு கொண்டு போங்கள். தட்டின் குறுக்களவும் நடுத்துவாரத்தின் பற்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள்.

நான்கு சில்லு உழவு இயந்திரம் வைத்திருப்போருக்கும் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் அதன் கிளச்சை மாற்ற இயந்திரத்தை இடுப்பில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பெரும்போக உழவு தொடங்க முன்னரே சோதித்துவிடுங்கள்.

9. உதிரிப்பாகம் தேடிப் பற்றைக்குள் போகாதீர்கள்

பற்றைக்குள்ளும் கைவிடப்பட்ட இடங்களிலும் நிற்கும் பழைய வாகனத்தில் ஒரு பெயாரிங்கையோ தட்டையோ கழற்றலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. வேண்டாம். வாகனத்தைச் சுற்றியோ உள்ளேயோ மிதிவெடியும் வெடிக்காத வெடிபொருட்களும் இருக்கலாம். மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகையைத் தாண்டாதீர்கள். பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்றும் எண்ணாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள். பிள்ளைகள் பழைய இரும்பு பொறுக்கப் போவதையும் தடுங்கள். ஒரு கிளச் தட்டை எப்போதாவது வாங்கலாம்.

10. கிளச்சின் ஆயுளைக் கூட்டும் பழக்கங்கள்

• கியர் மாற்றாத நேரம் பெடலில் கால் வைக்காதீர்கள்.
• ஏற்றத்தில் கிளச்சைப் பாதி பிடித்து லொறியை நிறுத்தி வைக்காதீர்கள். பிறேக்கைப் போடுங்கள்.
• நீண்ட நேரம் நிற்கும்போது நியூட்ரலில் போட்டுக் காலை எடுங்கள்.
• எப்போதும் முதலாம் கியரிலேயே புறப்படுங்கள், சரக்கோடு என்றால் கட்டாயமாக.
• வெள்ளத்தில் இறக்கிய லொறியை உடனே நிறுத்தி வைக்காமல், கொஞ்சத் தூரம் மெதுவாக ஓட்டிக் கிளச்சையும் பிறேக்கையும் காயவிடுங்கள்.
• மாதம் ஒருமுறை பிறீ பிளேயைப் பாருங்கள்.

மீட்டல் கேள்விகள்

குடும்பத்தினரோடு அல்லது பக்கத்து லொறிக்காரரோடு சேர்ந்து பதில் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி 1: நியூட்ரலில் உறுமுகிறது. பெடலைத் தொட்டால் மாற்றமில்லை. முழுதாக மிதித்தால் நிற்கிறது. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?
விடை: கியர் எண்ணெயின் அளவு. சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் கியர்பொக்ஸின் முன் பெயாரிங்.

கேள்வி 2: காலை எடுத்தால் அமைதி. பெடலில் சிறிது பலம் கொடுத்ததும் கீச்சிடுகிறது. நாளைக்கு ஒரு லோட் நெல் ஏற்ற வேண்டும். என்ன செய்வீர்கள்?
விடை: றிலீஸ் பெயாரிங் போகத் தொடங்கிவிட்டது. பிறீ பிளேயைச் சரிபார்த்து, திருத்துவதற்கு நாள் குறியுங்கள். சத்தம் பலமாக இருந்தால் அந்த லோட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி 3: சத்தமே இல்லை. ஆனால் பாரத்தோடு எஞ்சின் இரைகிறது, வேகம் கூடவில்லை, எரிந்த மணம் வருகிறது.
விடை: கிளச் வழுக்குகிறது. ஓட்டத்தை நிறுத்திப் பிறீ பிளே இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் வழுக்கினால் தட்டு தேய்ந்திருக்கும் அல்லது எண்ணெய் பட்டிருக்கும், கழற்றத்தான் வேண்டும்.

கேள்வி 4: எஞ்சின் ஓடவில்லை. பெடலை மிதிக்கும்போது மட்டும் கிறீச்சிடுகிறது.
விடை: பெடல் புஷ், இணைப்பு, கவை ஊன்றும் இடம். முதலில் கிறீஸ். கராஜ் பிறகு.

மூன்றாம் பகுதியிலுள்ள ஐந்து சோதனைகளையும் ஒரு மட்டையில் எழுதி லொறியின் கதவுக்குள் ஒட்டிவையுங்கள். லொறியை வேறொருவர் ஓட்டும் நாளிலும் அது உதவும்.